நாள் தெரியாத காத்திருப்பு



யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் பிறந்தவர்களைக் காத்திருக்கப் பழக்கிவிட வேண்டியதில்லை. குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காக நிற்கும் சனத்தைப் பார்த்தால் அது விளங்கும். அரிசி மூட்டை, மருந்துப் பை, கைக்குழந்தை என்று எல்லாவற்றோடும் நிற்பார்கள். சோளகக் காற்று கடலைக் கிளப்பினால் படகு பிந்தும். சில நாள் ஓடாமலே விடும். "இண்டைக்குப் படகு இல்லையாம்" என்று யாரேனும் வந்து சொன்னதும், அலுத்துக்கொண்டே திரும்பி நடந்து, நாளைய அலுவலை யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். மனம் கிடந்து தத்தளிப்பது அந்தச் சொல் வருவதற்கு முந்திய நேரத்தில்தான். வருமா, வராதா, நிற்பதா, போவதா என்று எதுவும் தெரியாத நேரம் அது.

இதை 2016 இல் லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜ் ஆய்வாளர்கள் ஒரு சோதனையாகவே செய்து பார்த்தார்கள். கணினி விளையாட்டொன்றில் கற்களைப் புரட்டவேண்டும். கல்லுக்கடியில் பாம்பு இருந்தால், விளையாடுபவரின் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி விழும். அதிர்ச்சி நிச்சயம் விழும் என்று தெரிந்திருந்த வேளைகளைவிட, விழவும் கூடும், விழாமலும் விடலாம் என்று சரிபாதியாக இருந்த வேளைகளிலேதான் அவர்களுடைய பதற்றம் உச்சத்தில் இருந்தது. வியர்வையும் கண்மணி விரிந்த அளவும் அதைக் காட்டிக்கொடுத்தன. வரப்போவது தெரிந்தால் மனம் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும். தெரியாவிட்டால் இரவு பகலாகக் காவல் இருக்கும். அந்தக் காவலில் களைத்துப்போகும்.

ஒரு படகுக்கே இப்படியென்றால், ஒரு மனிதருக்காக வருடக்கணக்கில் நாள் தெரியாமல் காத்திருப்பவரின் மனம் என்ன பாடுபடும்?

நாள் தெரிந்த துயரம் ஒன்றை முதலில் சொல்கிறேன். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தத் துயரம் இன்னும் ஆறவில்லை. என்றாலும் அதற்கு ஒரு திகதி இருக்கிறது. நெடுந்தீவில் ஒரு நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு மே 15 இலும் ஊர் ஒன்றுகூடி விளக்கேற்றி அழுகிறது.

நாள் தெரியாத துயரமும் இங்கே உண்டு. 1990 ஆகஸ்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பகுதிகளில் இராணுவத்தினர் பிடித்துச் சென்ற இளைஞர்கள் பலர் திரும்பி வரவில்லை. அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார், உதவிக்குச் சென்ற ஒருவரோடு 2006 ஆகஸ்ட் 20 அன்று காணாமற்போனார். இவர்களுடைய வீட்டாருக்கு உடலும் கிடைக்கவில்லை, செய்தியும் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர்ச் சைவ மரபில் துக்கத்தைக் கடக்கப் படிகள் உண்டு. செத்தவீடு, காடாற்று, எட்டுச் செலவு, முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி, பிறகு வருடத் திவசம். தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. ஒவ்வொரு படியிலும் ஊர் கூட வந்து நிற்கிறது. துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைக்கச் சொல்கிறது. காணாமற்போனவரின் வீட்டுக்கு இந்தப் படிகளில் முதலாவதே இல்லை. மகனுக்குத் திவசம் கொடுத்தால் அவனைத் தானே கொன்றதுபோல் தாய்க்கு இருக்கிறது. கொடுக்காவிட்டால், ஒருவேளை அவன் போயிருந்தால் பசித்திருப்பானே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பொட்டு வைப்பதா, விடுவதா என்று மனைவிக்குத் தெரியவில்லை. எதைச் செய்தாலும் கதைக்க ஒரு வாய் இருக்கிறது.

அமெரிக்கக் குடும்பச் சிகிச்சை நிபுணர் போலின் பாஸ், 1970களில் வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களோடு பழகி, இந்த நிலையை ஆராய்ந்தார். ஆள் இல்லை, ஆனால் மனதில் முழுதாக இருக்கிறார். இழப்பு உண்டு, ஆனால் அதற்கு முடிவு இல்லை. அந்த மனிதர்களிடம் குறை எதுவும் இல்லை, அவர்கள் அகப்பட்டிருக்கும் நிலைமைதான் இயல்பு கெட்டது என்பது அவருடைய முடிவு. "வரலாம், வராமலும் விடலாம்" என்ற இரண்டு எண்ணங்களையும் ஒன்றாக வைத்துக்கொண்டே வாழப் பழகுவதுதான் அவர் காட்டும் வழி. மகனுக்காக விளக்கு வைக்கும் தாய், அதே கையால் பேத்தியின் கலியாணத்துக்குச் சீலை தெரிவு செய்யலாம். இரண்டும் உண்மை. ஒன்றுக்காக மற்றதை விடவேண்டியதில்லை.

ஆகவே அந்தத் தாயிடம் போய் "இனி மறந்திடுங்கோ ஆச்சி" என்று சொல்லாதீர்கள். "கட்டாயம் வருவான்" என்றும் சொல்லாதீர்கள். "தம்பி எப்படிப்பட்டவன், சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள். இதே நிலைமையில் இருக்கும் குடும்பங்கள் ஒன்றாக இருந்து பேசுவது பெரிய ஆறுதல். போரால் புண்பட்ட மனங்களுக்காகவே யாழ்ப்பாணத்தில் 1987 இல் சாந்திகம் என்ற உளவள நிலையம் தொடங்கியது. மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனி மனிதரோடு முழுச் சமூகத்தையும் காயப்படுத்துகிறது, ஆகையால் மருந்தும் சமூகத்துக்குள்ளிருந்து வரவேண்டும் என்று நீண்ட காலமாக எழுதிவருகிறார்.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. 2016 இல் இயற்றப்பட்ட சட்டங்கள், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும், இறந்தார் என்று எழுதாமல் காணவில்லை என்று மட்டும் பதியும் சான்றிதழுக்கும் வழிசெய்தன. சான்றிதழ் காணிக்கும் வங்கிக் கணக்குக்கும் உதவும். ஆனால் தாயின் கேள்விக்கு உண்மை ஒன்றுதான் பதில். அதைத் தெரிந்தவர்கள் சொல்லாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தத் தாய்க்குச் செய்யும் புதிய கொடுமை.

இனி, பலருடைய வீட்டில் நடக்கும் இன்னொரு காத்திருப்புக்கு வருகிறேன். போலின் பாஸ் புலம்பெயர்வையும் இதே வகை இழப்பாகவே பார்க்கிறார். புங்குடுதீவிலும் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் எத்தனையோ வீடுகளில் இன்று தாய் தகப்பன் மட்டும்தான். பிள்ளைகள் பாரிசில், ரொறொன்ரோவில், சூரிச்சில். கைத்தொலைபேசியில் முகம் நாள்தோறும் தெரிகிறது. "எப்ப பிள்ளை வருவாய்?" என்று அம்மா கேட்கிறார். "அடுத்த வருஷம் பாப்பம் அம்மா" என்று பதில் வருகிறது. அன்பில் சொல்லும் பதில்தான். ஆனால் நயினாதீவு அம்மனின் ஆனித் திருவிழா ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மா அறையைக் கூட்டி வைக்கிறார், மிளகாய்த்தூள் இடித்து வைக்கிறார், கொடி இறங்கும்வரை வாசலைப் பார்க்கிறார். இந்த வருடம் வர முடியாதென்றால் முடியாது என்று சொல்லுங்கள். ஒரு நாள் அழுவார். மறுநாள் எழுந்து தன் அலுவலைப் பார்ப்பார். வர முடியுமென்றால் திகதி சொல்லுங்கள். தொலைபேசி எடுப்பதற்கும் ஒரு நேரம் குறித்து, அந்த நேரத்துக்கே எடுங்கள்.

பெற்றோருக்கு இன்னொன்றும் வேண்டும். 1976 இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்க முதியோர் இல்லமொன்றில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு தொகுதியினரிடம் செடி ஒன்றைக் கொடுத்து, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் அன்றாட விடயங்களை நீங்களே தீர்மானியுங்கள் என்றார்கள். மற்றத் தொகுதியினரிடம், உங்களைப் பார்த்துக்கொள்வது ஊழியரின் பொறுப்பு என்றார்கள். சில வாரங்களில் முதல் தொகுதியினரிடம் கூடுதல் உற்சாகமும் சுறுசுறுப்பும் தெரிந்தன. "நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ, காசு அனுப்புறம், சும்மா இருங்கோ" என்று பெற்றோரிடம் சொல்லும் பிள்ளைகள் இதை யோசிக்கவேண்டும். தோட்டத்தில் என்ன வைப்பது, கோயில் உபயத்தை எப்படிச் செய்வது, பேரப்பிள்ளைக்கு என்ன பெயர் என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொன்னதைச் செய்யுங்கள்.

காத்திருப்பு நோயாக மாறுவதும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஆட்களோடு முகம் கொடுக்க விருப்பமில்லை, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வருகிறதென்றால், அயலவராவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

காணாமற்போனவர் எங்கே என்ற கேள்விக்கு உங்களாலும் என்னாலும் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்லக்கூடியவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்க முடியும். எப்போது வருவாய் என்ற கேள்விக்கோ, பதில் எங்கள் கையிலேயே இருக்கிறது. அதை இன்று இரவு தொலைபேசி எடுக்கும்போதே நேராகச் சொல்லிவிடுங்கள்.