கேளிக்கைப் பூங்காவும் இருப்புப்பாதையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன்னர்ப் பேசிய அன்பர் வள்ளுவரின் மாண்பை எடுத்தோதினார். எனக்குப் பின்னர்ப் பேசவிருக்கும் அன்பர் சிலம்பின் பெருமையை விளக்கவிருக்கிறார். இவ்விரு மலைகளுக்கும் இடையே ஒரு மடுவாக நான் நிற்கிறேன். கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றிப் பேச விழைகிறேன் என்று செயலாளரிடம் தெரிவித்தபோது அவர் சற்றே தயங்கினார். "தமிழ்ச் சங்க மேடையில் இராட்டினத்தைப் பற்றியா பேசப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. அக்கேள்விக்கு விடை கூறுவதே இச்சிற்றுரையின் நோக்கமாகும்.

எங்கள் இரயில்வே அலுவலகத்தில் நண்பர்கள் நால்வர் உள்ளோம். பகலுணவு வேளையில் பிறர் அரசியலும் கிரிக்கெட்டும் பேசுவர். நாங்களோ எந்தப் பூங்கா எந்த ஆண்டில் திறக்கப்பட்டது, எந்த இராட்டினம் எத்தனை அடி உயரம், எது எப்போது மூடப்பட்டது என்பவற்றைப் பேசிக்கொண்டிருப்போம். "வேலையற்ற பேச்சு" என்று எங்களைப் பார்த்து நகைப்பவர் பலர். ஆயினும் இப்பேச்சைத் தோண்டத் தோண்ட எங்களுக்கு ஓர் உண்மை புலனாயிற்று. கேளிக்கைப் பூங்கா என்பது இருப்புப்பாதை பெற்றெடுத்த குழந்தை என்பதே அவ்வுண்மை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மாச் சங்க் என்று ஓர் ஊர் இருந்தது. மலைமேல் வெட்டிய நிலக்கரியைக் கீழே கொண்டுவர 1827ஆம் ஆண்டு அங்கே ஒரு பாதை அமைத்தனர். கரி ஏற்றிய பெட்டிகள் தம் எடையாலேயே சரிந்து இறங்கும். வெறும் பெட்டிகளை மேலே இழுத்துச் செல்வது கோவேறு கழுதைகளின் வேலை. அக்கழுதைகளும் இறங்கும்போது தமக்கென அமைந்த பெட்டியில் ஏறிக்கொண்டு சொகுசாகவே வந்தன. கழுதை அனுபவித்த இன்பத்தை மனிதன் விடுவானா? நாளடைவில் அப்பாதையில் காசு கொடுத்து உல்லாசப் பயணம் செய்ய மக்கள் திரண்டனர். பின்னர்க் கரி வேறு வழியாகச் சென்றது. இப்பாதை இன்பப் பயணத்துக்கே உரியதாயிற்று.

இதன் வழித்தோன்றலாக 1884ஆம் ஆண்டு, நியூயார்க்கைச் சேர்ந்த கோனித் தீவில், தாம்சன் என்பார் ஒரு மேடு பள்ளப் பாதையை அமைத்தார். கட்டணம் 5 சென்டு. வேகம் மணிக்கு ஏறத்தாழ 6 மைல். இன்று நம் ஊர் மிதிவண்டியே அதனை முந்திவிடும். ஒரு முனையில் பயணிகள் இறங்க, ஆட்கள் பெட்டியை மறுபாதைக்குத் தள்ளிவிடுவர். பயணிகள் மீண்டும் ஏறித் திரும்புவர். இன்று ரோலர் கோஸ்டர் என்று நம் பிள்ளைகள் கூவி மகிழ்கின்றனரே, அதற்குக் கால்கோள் விழுந்தது அங்கேதான்.

அவ்வண்டி உச்சிக்கு ஏறும்போது 'கடகட'வென்று ஓர் ஒலி எழும். அச்சமூட்டவே அதனை வைத்திருக்கிறார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். அன்று! சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாதபடி, வண்டியின் அடியிலுள்ள கொக்கி ஒவ்வொரு பல்லாகப் பற்றிக்கொண்டு ஏறும் ஒலி அது. மாச் சங்க் மலைப்பாதையில் பயன்பட்ட அதே உத்தி. நம்மை நடுங்க வைக்கும் ஓசையே நம்மைக் காக்கும் ஓசையாக இருப்பது எத்துணை விந்தை!

1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் பெர்ரிஸ் என்பவர் நிறுவிய இராட்டினத்தின் உயரம் 264 அடி. பெட்டிகள் 36, பெட்டி ஒன்றுக்கு 60 பேர். ஆக ஒரே சமயத்தில் 2,160 பேர் வானில் சுழலலாம். ஏறத்தாழ இரண்டு விரைவு வண்டிக் கூட்டம்! அவரும் பாலங்களுக்கும் இருப்புப்பாதைக்கும் உரிய எஃகைச் சோதிக்கும் தொழிலில் ஊறியவரே. அம்மாபெரும் சக்கரம் 1906ஆம் ஆண்டு வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. ஆனால் அதன் குழந்தைகள் இன்று நம் ஊர்த் திருவிழாத் திடல்தோறும் சுழன்றுகொண்டிருக்கின்றன.

இனி, வால்ட் டிஸ்னி. மிக்கி எலியைப் படைத்தவர் என்றே அவரை நாம் அறிவோம். அவர் 1917ஆம் ஆண்டுக் கோடையில், 15 வயதுச் சிறுவனாக, ஓடும் இரயிலில் செய்தித்தாளும் தின்பண்டமும் விற்றவர். பெரும் செல்வரான பின்னரும் அவ்வாசை அவரை விட்டபாடில்லை. 1950இல் தம் வீட்டுத் தோட்டத்திலேயே ஒரு சிறு இரயிலை ஓட்டினார். அதன் எஞ்சினுக்குத் தம் மனைவியாரின் பெயரையே சூட்டினார். 1955ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17ஆம் நாள் டிஸ்னிலாந்தைத் திறந்தபோது, அப்பூங்கா முழுவதையும் ஒரு புகைவண்டிப் பாதை வளைத்து நின்றது. அதன் அகலம் 3 அடி. நம் நாட்டுக் குறுகிய பாதைகள் இரண்டரை அடியும் இரண்டடியும் ஆதலின், அது நம்முடையவற்றிற்குச் சற்றே அண்ணன். பூங்காவினுள் நுழைவோர் முதலில் காண்பது ஒரு புகைவண்டி நிலையத்தைத்தான்.

அப்பூங்காவின் அன்பர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. அங்குள்ள நியூ ஆர்லியன்ஸ் சதுக்க நிலையத்தில் ஒரு தந்திக் கருவி ஓயாமல் தட்டிக்கொண்டேயிருக்கும். கேட்போர்க்கு அது வெற்று ஓசை. தந்தி மொழி அறிந்தோர்க்கோ அது டிஸ்னி 1955இல் ஆற்றிய திறப்புரையின் தொடக்க வரிகள்! நம் நாட்டில் 2013ஆம் ஆண்டு சூலையில் தந்திப் பணியே விடைபெற்றுக்கொண்டது. ஆனால் ஒரு விளையாட்டுப் பூங்காவில் அம்மொழி இன்னும் உயிரோடு தட்டிக்கொண்டிருக்கிறது. விளையாட்டு என்று நாம் ஒதுக்குவது சில வேளைகளில் வரலாற்றின் பெட்டகமாக விளங்குகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கடல் கடந்தது போதும். நாம் வாழும் ஐதராபாத்துக்கு வருவோம். ஆண்டுதோறும் சனவரி முதல் நாள் தொடங்கிப் பிப்ரவரி 15 வரை 46 நாள் நாம்பள்ளியில் நடக்கும் 'நுமாயிஷ்' கண்காட்சியை அறியாதவர் இவ்வவையில் இரார். உசுமானியாப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் சிலரின் முயற்சியால் 1938ஆம் ஆண்டு பொதுத் தோட்டத்தில் பத்து நாள் நிகழ்ச்சியாக அது தோன்றியது. ஏழாம் நிசாம் தொடங்கிவைத்தார். 1946இல் இப்போதுள்ள திடலுக்கு இடம்பெயர்ந்தது. இடையே தடைப்பட்டு, 1949இல் மீண்டும் உயிர்பெற்றபோது அதனைத் திறந்துவைத்தவர் யார்? அந்நாளைய கவர்னர் ஜெனரல், நம் இராசாசி அவர்கள்! அத்திடலில் குடைராட்டினத்தின் வரிசையில் நிற்கும் தமிழ்ப் பிள்ளைகட்கு இச்செய்தியை யாரேனும் சொல்லியிருக்கிறோமா? 2019ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் தீ விபத்தில் அங்கே பல கடைகள் எரிந்தன. 2021இல் பெருந்தொற்றால் விழாவே இல்லை. ஆயினும் அது மீண்டெழுந்தது. அதை நடத்தும் கழகம் அவ்வருவாயைக் கொண்டு மகளிர் கல்லூரியும் மகளிர் தொழிற்பயிற்சிக் கூடமும் உள்ளிட்ட பல கல்வி நிலையங்களை நடத்திவருகிறது. நாம் இராட்டினத்துக்குக் கொடுக்கும் காசு எங்கோ ஒரு பெண்ணின் பாடப்புத்தகமாகிறது.

விசயவாடா நெடுஞ்சாலையில், 1996ஆம் ஆண்டு இராமோசி ராவ் உருவாக்கிய திரைப்பட நகரம் 1,600 ஏக்கருக்கும் மேற்பட்டது. உலகின் மிகப் பெரிய படப்பிடிப்பு வளாகம் என்று கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. அதன் நிறுவனர் 2024ஆம் ஆண்டு சூன் 8இல் மறைந்தார். தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த பாகுபலியின் அரண்மனைகள் எழுந்தது அங்கேதான். அங்கே ஒரு புகைவண்டி நிலையமும் உண்டு. படத்திற்குப் படம் அதன் பெயர்ப்பலகை மாறும். என் மகள் ஐந்து வயதில் அந்நடைமேடையில் நின்று, "அப்பா, நம்ம ஊர் வண்டி எப்ப வரும்?" என்று கேட்டாள். ஆயிரமாயிரம் பயணிகளுக்கு விடை சொன்ன எனக்கு அக்கேள்விக்கு விடை வரவில்லை. எல்லா ஊர்ப் பெயரையும் தாங்கும் நிலையம்; எந்த ஊருக்கும் அங்கே சீட்டுக் கிடையாது. ஊரை விட்டு வந்தவர்க்கு அந்நடைமேடை ஒரு வேடிக்கை மட்டுமன்று.

அவையோரே, இனிச் செயலாளரின் வினாவுக்கு வருகிறேன். இச்செய்திகளால் யாது பயன்?

என் தந்தையார் இருப்புப்பாதையில் கீமேனாகப் பணியாற்றியவர். நாள்தோறும் தம் பங்குப் பாதையை நடந்தே பார்த்து, கழன்ற ஆப்பை அடித்து, தளர்ந்த மரையை முடுக்கி வந்தவர். ஓய்வு பெற்றபின் ஒருமுறை இங்கு வந்திருந்தார். நுமாயிஷுக்கு அழைத்துச் சென்றேன். சிறுவர் இரயிலைக் கண்டதும் பேத்தியின் கையை விட்டுவிட்டுக் குனிந்து, தண்டவாள இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்னரே, "பாதை நல்லா இருக்கு, ஏறு கண்ணு" என்றார். வரிசையில் நின்றோர் சிரித்தனர். எனக்கும் அன்று வெட்கமாகவே இருந்தது.

அவர் காலமாகி ஈராண்டு கழிந்து, வேறோர் ஊர்த் திருவிழாவுக்குச் சென்றிருந்தோம். ஊரின் பெயர் வேண்டா. என் மகள் ஒரு சுழல் இராட்டினத்தில் ஏறி அமர்ந்துவிட்டாள். அவள் இருக்கையின் காப்புக் கம்பியைப் பூட்டும் ஆணி இல்லை. அவ்விடத்தில் ஒரு சணல் கயிறு கட்டியிருந்தது. "இறங்கு" என்றேன். அவள் அழுதாள். "ஒன்றும் ஆகாது சார், தினமும் இப்படித்தான் ஓடுகிறது" என்றார் இயக்குபவர். சுற்றி நின்றோர் நகைத்தனர். அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிரவு அந்த இராட்டினத்தில் விபத்து ஏதும் நேரவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமன்றோ! ஆயினும் நான் செய்தது தவறென்று இன்றுவரை எண்ணவில்லை. பாதை பார்ப்பவன் விபத்து நேர்ந்தபின் பார்ப்பதில்லை.

நல்ல பூங்காக்களில் ரோலர் கோஸ்டர் வண்டிக்கு மூவகைச் சக்கரங்கள் உண்டு. மேலே உருள்வது ஒன்று. பக்கவாட்டில் அணைப்பது ஒன்று. தண்டவாளத்தின் அடியில் பற்றி, வண்டி மேலெழாது தடுப்பது ஒன்று. இம்மூன்றாவதற்கு 1919ஆம் ஆண்டு சான் மில்லர் என்பார் காப்புரிமை பெற்றார். மேலும், பல வண்டிகள் ஓடும் பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டிக்கு மேல் நுழையவிடுவதில்லை. இது நம் இரயில்வேயின் பிளாக் முறையேயன்றி வேறன்று. முன் வண்டி விலகினாலன்றிப் பின் வண்டிக்கு வழியில்லை. இவற்றை அறிந்த பிள்ளை வீணாக அஞ்சவும் மாட்டாது. வீணாகத் துணியவும் மாட்டாது.

மற்றொரு பயனும் உண்டு. 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டின் அப்பு யானையின் பெயரால் 1984இல் தில்லியில் திறந்த அப்பு கர், 2008இல் மூடப்பட்டது. அங்கே விளையாடிய தில்லித் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர்! சென்னைக் கடற்கரைச் சாலையில் வி. ஜி. பன்னீர்தாசு அமைத்த தங்கக் கடற்கரையில், இமையசையாது நின்ற சிலை மனிதரைச் சிரிக்க வைக்க முயன்று தோற்றவர் நம்மில் பலர் இருப்பர். தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தாவை உருவாக்கிய நவோதயா அப்பச்சன், 1984இல் நாட்டின் முதல் முப்பரிமாணப் படத்தை எடுத்தவர் என்பதை அறிவோர் சிலரே. மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டு காக்கும். உழைத்துக் களைத்த மக்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மகிழ்ந்திருந்த வரலாற்றை யார் காப்பார்?

ஆகவே, இச்சங்கத்திற்கு இரண்டு விண்ணப்பங்களை முன்வைக்கிறேன். நம் நூலகத்தில் ஒரு குறிப்பேடு வையுங்கள். நுமாயிஷுக்கு முதன்முதல் சென்ற ஆண்டு, யாருடன் சென்றது, என்ன கண்டது என்பதைப் பெரியோர்கள் தத்தம் கையால் எழுதட்டும். அடுத்து, நம் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது, இராட்டினத்தில் ஏறுமுன் ஐந்து நிமிடம் நிறுத்தி, சக்கரத்தையும் கம்பியையும் ஆணியையும் காட்டுங்கள். குறை கண்டால் இறங்கிவரக் கற்றுக்கொடுங்கள். பிறர் நகைத்தால் நகைக்கட்டும். நுமாயிஷில் என் தந்தையார் குனிந்து நின்றபோது நகைத்தவர்களில் நானும் ஒருவன். அக்கடனைத் தீர்க்கவே இம்மேடையில் ஏறினேன்.