அண்ணை றைற் முதல் ஐந்து நிமிட மேடை வரை

(பழைய மாணவிகள் சங்க இலண்டன் கிளையின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருத்தியை நகைச்சுவை பற்றிப் பேசக் கூப்பிட்டால், சிரிப்புத்தான் சிறந்த மருந்து என்று தொடங்குவாள் என நினைத்திருப்பீர்கள். வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகுமென்றால் நாங்கள் பனடோல் எழுதவேண்டிய தேவை இல்லையே. பகலில் ஆஸ்பத்திரியில் வயோதிபர்களைப் பார்க்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று இரவுகள் ஏதாவதொரு பப்பின் மேல்மாடியில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறேன். இரண்டாவது வேலைக்குச் சம்பளம் இல்லை. "நாற்பது வயதுக்குப் பிறகு உனக்கு இது எங்கையிருந்து வந்தது?" என்று அம்மா கேட்டார். நீங்களும் அதைத்தான் கேட்டிருந்தீர்கள்.

ஒரு கசெற்றிலிருந்து வந்தது. கே. எஸ். பாலச்சந்திரன் அவர்களின் "அண்ணை றைற்". கரவெட்டியிலே பிறந்து, வானொலி நாடகங்களிலும் "வாடைக்காற்று" முதலிய படங்களிலும் நடித்து, 2014 இல் கனடாவில் காலமான அந்தக் கலைஞரை உங்களில் மூத்தவர்கள் மேடையிலேயே பார்த்திருப்பீர்கள். எனக்குக் கேட்கத்தான் கிடைத்தது. 1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்போம். மிதிக்கிறவருக்குக் களைத்தால் கொண்டக்டரின் குரலும் களைத்து, இழுபட்டு, நித்திரையில் பினாத்துவது போல வரும். சிரிப்பு வரும் இடம் எது என்று மிதிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் முன்னரே வேகத்தைக் கூட்டவேண்டும். பின்னாளில் "ரைமிங், ரைமிங்" என்று எல்லோரும் சொன்ன சங்கதியை எனக்கு முதலில் காட்டித் தந்தது அந்தச் சைக்கிள்தான்.

மேடையில் பஸ் இல்லை, சீற் இல்லை, இன்னொரு நடிகரும் இல்லை. கொண்டக்டர் ஒருவரின் வாயிலேயே பஸ் நிரம்பிவிடும். அவர் நக்கலடிப்பது உண்மை. ஆனால் அந்த பஸ்ஸிலே எங்கள் வீட்டாரும் அயலட்டையும் ஏறியிருந்தார்கள். மிதிபலகையில் தொங்கும் ஆளைக் கேட்டுச் சிரிக்கிறபோது, அது சித்தப்பாதான் என்று எங்களுக்குத் தெரியும். சித்தப்பாவும் சிரித்துக்கொண்டிருப்பார்.

இதை நாங்கள் தனிநடிப்பு என்றோம். ஸ்ராண்ட்-அப் கொமெடி அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம்; அதுவேதான் இது என்று சொல்லமுடியாது. தனிநடிப்பில் நடிகர் இன்னொருவராக மாறிவிடுகிறார். ஸ்ராண்ட்-அப்பில் நான் நானாகவே, என் சொந்தப் பெயரோடு நிற்கவேண்டும். பகிடி எடுபடாவிட்டால் பாத்திரத்தின் தலையில் பழியைப் போட முடியாது.

பெண்பிள்ளைக்கு இது இன்னும் சிக்கல். "பொம்பிளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு" என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். புகையிலைத் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். இரண்டையும் நன்றாகச் சுருட்டித்தான் வைத்திருந்தார்கள். மாணவர் மன்றத்தில் மட்டும் கொஞ்சம் விரிக்க விட்டார்கள். வாரத்தில் ஒரு பாடவேளை, யாராவது எழும்பி ஏதாவது செய்யவேண்டும். பாட்டு வராதவர்கள் பேசவேண்டும். எனக்குப் பாட்டு வராது. சங்கக் கடைக் கியூவில் நிற்கும் ஐந்து பேரை நான் ஒருத்தியே நின்று பேசிக்காட்டியபோது, கடைசி வாங்கில் கணக்குக் கொப்பி திருத்திக்கொண்டிருந்த ரீச்சர் தலையை நிமிர்த்தாமலே தோளைக் குலுக்கினார். இன்றைக்கும் நான் மேடையில் அந்தத் தோளைத்தான் தேடுகிறேன்.

இங்கிலாந்துக்கு வந்தபிறகு ரெலிவிஷனில் ஜோ பிராண்டைப் பார்த்தேன். மேடைக்கு வருமுன் பத்து வருடமளவில் மனநல தாதியாக வேலைசெய்தவர். சபையில் குடித்துவிட்டுக் கத்துகிறவருக்கு அவர் பதில் சொல்லும் நிதானம் வார்ட்டிலே வந்தது என்பது என்னைப் போன்றவர்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். பிறகு றொமேஷ் றங்கநாதன். பெற்றோர் இலங்கையர், பிறந்தது கிறோலியில், கணித ஆசிரியராக இருந்தவர். 2015 இல் அவரை அவருடைய தாயார் இலங்கைக்கு அனுப்பி உறவினரைப் பார்க்கவைக்கும் தொடர் பிபிசியில் வந்தது. மகனைவிடத் தாயார்தான் கூடச் சிரிக்கவைக்கிறார் என்பது என் வீட்டாரின் தீர்ப்பு. நிரந்தர உத்தியோகத்தை விட்டுவிட்டு இதற்கு வந்தாரே என்பதுதான் அம்மாவின் கவலை.

இனி மேடை. இலண்டனில் 1979 இல் கொமெடி ஸ்ரோர் தொடங்கிய காலத்தில், சபைக்குப் பிடிக்காவிட்டால் கொங் அடித்து ஆளை இறக்கிவிடுவார்களாம். கேட்டதும் எனக்குப் பேச்சுப்போட்டிதான் ஞாபகம் வந்தது: முதல் மணி எச்சரிக்கை, இரண்டாம் மணி முடிவு. புதியவர்கள் பழகும் இரவுகளில் இப்போது மணி இல்லை, வெளிச்சம். ஆளுக்கு ஐந்து நிமிடம். நான்காவது நிமிடத்தில் பின்சுவரோரம் ஒரு லைற் எரியும். சில இடங்களில் ஆளுக்கொரு சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு போனால்தான் மேடை தருவார்கள். சபையில் பாதிப்பேர் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் மற்றக் கொமெடிக்காரர்கள். தங்கள் வசனத்தை வாய்க்குள் பாடமாக்கிக்கொண்டிருப்பவர்களைச் சிரிக்கவைப்பது, சோதனை மண்டப வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது போலத்தான்.

என் முதல் இரவில் பதினொரு பேர். அதில் ஒருவர் என் கணவர். தட்டிவான் என்றால் என்ன என்று விளக்கவே ஒன்றரை நிமிடம் போனது. அதற்குப் பிறகு சபையில் ஒரு கதிரை கிரீச்சிட்டதுதான் பெரிய சத்தம். ஆனால் அம்மா தொலைபேசியில் முதலில் இறந்தவர்களின் பட்டியலை வாசித்துவிட்டுத்தான் சுகம் விசாரிப்பார் என்று சொன்னதும், முன்வரிசையில் இருந்த ஐரிஷ்காரி ஒருத்தி மேசையில் தட்டிச் சிரித்தாள். அவளுடைய அம்மாவும் அப்படித்தானாம். போனில் ஒலிப்பதிவு செய்து, வீடு திரும்பும் ரெயினில் எத்தனை சிரிப்பு என்று எண்ணினேன். மூன்று. கணவரைக் கழித்தால் இரண்டு.

நோயாளர்களைப் பற்றி மேடையில் ஒரு வரியும் சொல்வதில்லை. பெயரை மாற்றிச் சொல்லலாமே என்கிறார்கள். பெயரை மாற்றினாலும் கட்டிலில் கிடந்தவர் அவர்தானே.

எனக்கு மிகவும் வேண்டிய பகிடி ஒன்று உண்டு. 1995 ஒக்ரோபர் 30, நாங்கள் எல்லோரும் நடந்த அந்த இரவு. வீட்டில் எதை எடுப்பது, எதை விடுவது என்று அடிபட, அம்மம்மா திருவலையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார். "போற இடத்தில தேங்காய் இருக்கும். திருவலை இருக்குமோ?" தென்மராட்சியில் நாற்பது பேர் அடைந்து கிடந்த வீட்டில் தேங்காய் மலைபோல் குவிந்திருந்தது, திருவலை ஒன்றேயொன்று. மூன்று மாதம் அந்த வீட்டை அம்மம்மாதான் ஆண்டார்.

இதை முதலில் சொன்ன இரவு, "யுத்தம்" என்ற சொல்லைக் கேட்டவுடனே சபையின் முகம் மாறிவிட்டது. அந்த முகத்தை எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு. வாசலில் பார்ப்பது. அதைக் கலைக்க அம்மம்மாவை முன்னுக்குக் கொண்டுவந்து, யுத்தத்தைப் பின்னுக்குத் தள்ளி, பலமுறை மாற்றி எழுதினேன். ஐந்து நிமிடத்துக்குள் அடக்க மழையையும் வெட்டினேன். அதன்பிறகு நன்றாகச் சிரித்தார்கள்.

ஒருநாள் முடிந்தபின் படிக்கட்டில் ஒரு தமிழ் அம்மா நின்றார். மகளோடு வந்தவராம். "நான் சிரிக்கேல்லைப் பிள்ளை," என்றார். "அப்புவை நாவற்குழிக்கு இஞ்சாலை விட்டிட்டு வந்தனாங்கள்." நான் ஒன்றும் பேசவில்லை. போகத் திரும்பியவர் நின்று, "அண்டைக்கு மழையெல்லே பெய்தது? குடையைக் கவிட்டுப் பிடிச்சுத் தண்ணி குடிச்சனாங்கள். அதை ஏன் விட்டனீர்?" என்று கேட்டார்.

இப்போது மழையைத் திரும்பவும் சேர்த்திருக்கிறேன். நாற்பது செக்கன் வரை ஒரு சிரிப்பும் வராது. ஐந்து நிமிடத்தில் அது பெரிய நட்டம் என்கிறார்கள் மற்றக் கொமெடிக்காரர்கள், வெட்டச் சொல்கிறார்கள். வெட்டவில்லை. திருவலை வரும் இடத்தில் சிரிப்பு முன்னையைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. சில இரவுகளில் வருவதேயில்லை. அடுத்த மாதம் கிறொய்டனில் திரும்பவும் சொல்லப்போகிறேன். ஆளுக்கொரு சிநேகிதரைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மண்டபத்தில் இருநூறு பேராவது இருப்பீர்கள் போலத் தெரிகிறது.