பிரிந்த பின்னும் கணக்கு நேராக இருக்கட்டும்

(மஹல்லா வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கடையை அடைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். மணமுறிவு நல்லதா கெட்டதா என்று பேச நான் வரவில்லை. பிரிந்தது பிரிந்துவிட்டது என்றே வைத்துக் கொள்வோம். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் நகை எங்கே? மஹர் எங்கே? பிள்ளை யாரிடம்? பிள்ளைக்கு மாதம் எவ்வளவு? இந்த நான்கு கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்லத் தெரியாமல்தான் நம் குடும்பங்கள் கோர்ட்டு வராந்தாவில் வருடக் கணக்கில் நிற்கின்றன.

உங்களில் பலர் கூட்டு வியாபாரம் செய்தவர்கள். பங்காளிகளுக்குள் ஒத்துவரவில்லை என்றால் என்ன செய்கிறீர்கள்? ஐந்தொகை எடுக்கிறீர்கள். சரக்கு, கடன், முதல் எல்லாவற்றையும் எழுதி, சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டுப் பிரிகிறீர்கள். மறுநாள் அதே பள்ளியில் ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறீர்கள். கடையைப் பிரிக்க இவ்வளவு ஒழுங்கு காட்டும் நாம், குடும்பம் பிரியும்போது மட்டும் வாய்ப்பேச்சோடு எழுந்து விடுகிறோமே, ஏன்?

கணவன் குடும்பத்திலிருந்து ஒருவர், மனைவி குடும்பத்திலிருந்து ஒருவர் என இரு நடுவர்களை அமர்த்தச் சொல்கிறது சூரா அந்நிஸாவின் 35வது வசனம். இணைத்து வைப்பதற்காகச் சொல்லப்பட்ட வழி அது. ஆனால் இணைப்பு முடியாதபோது கணக்குத் தீர்க்கவும் அதே இருவர் போதும். நம் ஊர்களில் நடப்பதோ வேறு. மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர், பெண் வீட்டார் இருபது பேர், வேடிக்கை பார்க்க அறுபது பேர்! சம்பந்தப்பட்ட பெண் மட்டும் அந்த இடத்தில் இருக்க மாட்டாள். அவள் சார்பில் அவளுடைய மாமா பேசுவார். அவள் என்ன நினைக்கிறாள் என்று அந்த மாமாவுக்கே தெரியாது.

பரீரா (ரலி) அவர்களின் சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். அடிமைத் தளையிலிருந்து விடுதலை பெற்ற அவர், கணவர் முகீஸுடன் வாழ விரும்பவில்லை. முகீஸோ மதீனாவின் தெருக்களில் அழுதுகொண்டே அவர் பின்னால் நடந்தார். நபி (ஸல்) அவர்கள் முகீஸுக்காகப் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் எனக்கு வேண்டாம் என்றார். அத்துடன் விட்டுவிட்டார்கள். அல்லாஹ்வின் தூதரே பரிந்துரைக்கும் கட்டளைக்கும் இடையில் கோடு கிழித்துக் காட்டியிருக்க, நம் ஜமாஅத் நிர்வாகி ஒருவர் மேசையைத் தட்டி 'இதுதான் தீர்ப்பு' என்கிறார்!

இந்தக் கோட்டை நாட்டின் சட்டமும் வரைந்திருக்கிறது. ஷரீஅத் அமைப்புகளின் ஃபத்வாவுக்குச் சட்ட வலிமை இல்லை, அதை யார் மீதும் திணிக்கக் கூடாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் கூறியது. சமரசம் பேசுவதைத் தடுக்கவில்லை. தனியார் ஷரீஅத் கவுன்சில் தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்பநல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2023ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்பது 2017 தீர்ப்பு. அது குற்றம் என்பது 2019 சட்டம். இவற்றின் மீது நம் சமுதாயத்தில் மாறுபட்ட கருத்துகள் உண்டு. அது வேறு மேடை. இன்று பஞ்சாயத்தில் உட்காருகிறவர் இவற்றைத் தெரியாமல் உட்காரக் கூடாது. தெரியாமல் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால், அதை நம்பி அந்தப் பெண் மறுமணம் செய்யும் நாளில்தான் வினை வெளியே வரும்.

இனி கணக்குக்கு வருவோம். முதலில் நகை. பாதிச் சண்டை இங்கேதான். கல்யாணத்தில் போட்ட நகை கணவனின் விசாவுக்கு விற்கப்பட்டிருக்கும், அல்லது கடை முதலுக்கு அடகில் போயிருக்கும். பிரியும்போது 'அன்றைக்கு விற்ற விலையைத் தருகிறேன்' என்கிறான். சகோதரர்களே, நீங்கள் நகைக்கடை வைத்திருப்பவர்கள், அடகு வாங்கியவர்கள். பத்து வருடத்துக்கு முந்தைய விலையில் இன்று எத்தனை கிராம் வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? பவுனாக வாங்கியதைப் பவுனாகத் திருப்பு. முடியாவிட்டால் கொடுக்கிற அன்றைய விலையில் கொடு. ஒப்பந்தத்தில் ரூபாயை எழுதாதீர்கள், கிராமை எழுதுங்கள். திருமணத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் பெண்ணுக்கு உறவினர்களும் கணவனும் கொடுத்த பொருட்கள் அனைத்தும் அவளுக்கே உரியவை என்று 1986ம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. கைக்கூலி வாங்கியவன் அதை அவளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1961 வரதட்சணைத் தடைச் சட்டமே சொல்கிறது. ஆனால் கைக்கூலியை யார் தஃப்தரில் எழுதினார்கள்? கொடுத்தவரும் மறைத்தார், வாங்கியவரும் மறைத்தார், பார்த்திருந்த நாமும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

அடுத்தது ஜீவனாம்சம். 'இத்தா மூன்று மாதத்துக்குப் பணம் கொடுத்தாயிற்று, முடிந்தது' என்று இன்னமும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியல்ல. அவளுடைய பிற்கால வாழ்வுக்கும் சேர்த்து நியாயமான ஏற்பாட்டை இத்தா காலத்துக்குள் செய்துவிட வேண்டும் என்று 2001ல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. மாத ஜீவனாம்சம் கேட்கும் பொதுச் சட்டமும் முஸ்லிம் பெண்ணுக்கு உண்டு என்று 2024ல் தீர்ப்பு வந்துவிட்டது. ஆகவே ஒரு சிறு தொகையைக் கையில் திணித்து 'இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று எழுதி வாங்கினால் அது நிற்கும் என்று நினைக்காதீர்கள்.

பிள்ளை விஷயத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் நடுவராக இருந்த ஒரு பஞ்சாயத்தில் மஹரும் நகையும் ஒழுங்காகத் தீர்ந்தன. நாலு வயதுப் பையன் தாயிடம். 'செலவை வாப்பா பார்த்துக் கொள்வார்' என்று ஒரே வரி எழுதினோம். எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த வழியாக? ஒன்றும் எழுதவில்லை. மாப்பிள்ளை வளைகுடா போனார். முதல் வருடம் பணம் வந்தது. மறுமணத்துக்குப் பின் நின்றுவிட்டது. பையனின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு அந்தப் பெண்ணின் தம்பி தன் கடையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பெருநாளைக்கு அந்த வாப்பா மகனைப் பார்க்க வந்தபோது தாய் வீட்டில் கதவைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் தப்பு. ஆனால் அந்த ஒரு வரியை எழுதியவன் நான்!

அதற்குப் பிறகு நான் இப்படித்தான் எழுதுகிறேன். மாதம் இன்ன தொகை, ஐந்தாம் தேதிக்குள் தாயின் வங்கிக் கணக்கில். வருடா வருடம் இத்தனை சதவீதம் கூடும். பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் தனி. எந்த நாளில், எந்த வீட்டில் பிள்ளையைப் பார்க்கலாம், இரண்டு பெருநாட்களில் எது யாருக்கு, தகப்பன் வெளிநாட்டில் இருந்தால் போனில் பேசும் நேரம் எது. சின்ன விஷயம்போல் தோன்றும். சண்டை வருவது இதில்தான். இதை நினைவில் வையுங்கள்: பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்டாமல் இருப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே பிள்ளையின் ஹக்கைப் பறிப்பதுதான். தாயும் தகப்பனும் பேரம் பேசி விட்டுக்கொடுக்க அது அவர்கள் சொத்தல்ல. பிள்ளைகளின் ஜீவனாம்ச உரிமை இரண்டு வயதோடு முடிவதில்லை என்பதையும் 1997லேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

சரி, எழுதிய ஒப்பந்தம் நிற்க வேண்டுமே? முத்திரைத்தாளில் ஜமாஅத் முத்திரை குத்தினால் மட்டும் போதாது. ஒரு தரப்பு பிறகு மறுத்தால் அது வெறும் காகிதமாகி நிற்கும். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பின் மாவட்ட அல்லது வட்ட சட்டப்பணிக் குழுவிடம் கொண்டு போங்கள். வழக்குப் போடாமலேயே மக்கள் நீதிமன்றத்தில் வைக்கலாம். கட்டணம் கிடையாது. அங்கே பதிவாகும் உடன்பாடு சிவில் கோர்ட்டு டிக்ரிக்குச் சமம், அதன்மேல் அப்பீலும் இல்லை. பணம் கட்டாதவன் மீது அதை வைத்தே நடவடிக்கை எடுக்கலாம். இது கோர்ட்டுக்குப் போவதல்லவா என்று கேட்காதீர்கள். பத்து வருடம் வாய்தா வாங்குவதும், பேசி முடித்ததை ஒரே நாளில் பதிந்துவிட்டு வருவதும் ஒன்றா?

அடி உதை, உயிருக்கு ஆபத்து என்று ஒரு பெண் வந்து நின்றால் பஞ்சாயத்துப் பேசாதீர்கள். முதலில் அவளையும் பிள்ளைகளையும் பாதுகாப்பான இடத்தில் வையுங்கள், போலீசுக்குப் போக வழிவிடுங்கள். அதேபோல் கோர்ட்டுக்குப் போன குடும்பத்தை ஊர்விலக்கு செய்வதும், மையத்துக்கு இடம் தர மறுப்பதும் எந்த ஜமாஅத்துக்கும் உரிமையில்லாத அக்கிரமம்.

இளைஞர்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் மஹல்லாவில் கணக்குத் தெரிந்த இருவர், சட்டம் படித்த ஒருவர், பெண்களிடம் தனியே பேச ஓர் ஆலிமாவோ ஆசிரியையோ என நாலு பேரைத் தேடிப் பிடியுங்கள். நிகாஹ் தஃப்தரில் மஹர் பத்திக்கு அருகிலேயே நகையின் எடைக்கும் ஒரு பத்தி போடச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். வரும் ஷவ்வாலில் எத்தனை நிகாஹ் இருக்கிறது என்று முத்தவல்லி சாஹிபிடம் இப்போதே கேட்டேன். ஏழு என்கிறார். அந்த ஏழிலிருந்து தொடங்கலாம்.

வஸ்ஸலாம்.