சைக்கிள் பழகுவோம், முதலில் உடுப்பைச் சரி செய்வோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம உறுப்பினர்கள் நிறைய பேர் ஓசூர், பர்கூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறீர்கள். கம்பெனி வண்டி மெயின் ரோட்டிலேயே இறக்கி விட்டுப் போய்விடுகிறது. அங்கிருந்து ஊருக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் இருட்டில் நடை. அதனால்தான் சைக்கிள் பழக வேண்டும் என்று குழுக்களில் முடிவெடுத்தீர்கள். ரொம்ப சந்தோஷம். அரசு இலவசமாகக் கொடுத்த மகளுடைய சைக்கிள் பல வீடுகளில் மூலையில்தான் நிற்கிறது.

இது புதுசு இல்லை. 1991, 92ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா இதற்குப் பெரிய ஊக்கம் தந்தார். கூலி வேலை, கல் குவாரி வேலை செய்த பெண்களும் ஆயிரக்கணக்கில் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பினவர்களும் உண்டு.

நம்ம பக்கம் என்ன நடந்தது? ஒரு சகோதரி பத்தே நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஒரு நாள் முந்தானை பின் சக்கரத்தில் சுற்றி, நடுரோட்டில் விழுந்தார். கையில் எலும்பு முறிவு. "இதுக்குத்தான் வேண்டாம்னு சொன்னோம்" என்று வீட்டில் சைக்கிளை நிறுத்தினார்கள். அதோடு வேலையும் நின்றது. குழுத் தவணை கட்ட மிகவும் கஷ்டப்பட்டார். இதில் எங்கள் தவறும் உண்டு. பெடல் மிதிக்கச் சொல்லிக் கொடுத்த நாங்கள், எப்படி உடுத்த வேண்டும் என்று சொல்லித் தரவில்லை. அதைத்தான் இன்று பேசுகிறோம்.

1. உடை: தொங்குவது எதுவும் இருக்கக் கூடாது. சேலை என்றால் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் கட்டுங்கள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுங்கள். வயலுக்குப் போகும்போது சேலைக்கு மேல் வீட்டுக்காரர் சட்டையைப் போடுகிறோமே, அது சைக்கிளுக்கும் நல்லது, முந்தானை பறக்காது. சுடிதார் என்றால் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிச்சுப் போடுங்கள். செயின் வலது பக்கம் இருப்பதால் வலது கால் பேன்ட்டுக்கு ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள்.

2. செருப்பு: ஹவாய் செருப்பு பெடலில் வழுக்கும், கழன்று விழும். குதிகாலில் வார் உள்ள செருப்பு போடுங்கள்.

3. குளிர்: மார்கழி, தை மாதத்தில் விடியற்காலைப் பனி உங்களுக்கே தெரியும். சால்வை போர்த்தினால் அதுவும் சக்கரத்துக்குள் போகும். ஸ்வெட்டர் போடுங்கள். குல்லா காதை மூடலாம், ஆனால் ஹாரன் சத்தம் கேட்க வேண்டும்.

4. வெளிச்சம்: இருட்டில் லாரி டிரைவர் கண்ணுக்கு நாம் தெரிய வேண்டும். முன்னால் ஒரு லைட், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம் வேண்டும். லாரி பின்னால் ஒட்டியிருக்கும் மின்னுகிற ஸ்டிக்கரை வாங்கி மட்கார்டில் ஒட்டுங்கள். மேலே வெளிர் நிறச் சட்டை போடுங்கள்.

5. தலை: சைக்கிளுக்கு ஹெல்மெட் போட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் மண்டையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சைக்கிளுக்கென்றே லேசான ஹெல்மெட் கிடைக்கிறது. மெயின் ரோட்டில் போகிறவர்கள் வாங்குவது நல்லது.

6. வண்டி: பின் சக்கரத்தில் சேலை கார்டு, செயின் கவர், பெல், இரண்டு பிரேக்கும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பழகும்போது இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற உயரத்துக்கு சீட்டை இறக்குங்கள்.

தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்து சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. யானை வரும் காட்டோர வழியில் விடியலிலும் இருட்டிலும் சைக்கிள் வேண்டவே வேண்டாம்.

"இதுக்கெல்லாம் காசு எங்க மேடம்?" என்று கேட்பீர்கள். முந்தானையைச் செருக, சீட்டை இறக்கக் காசு வேண்டாம். லைட், ரிஃப்ளெக்டர், சேலை கார்டுக்கு உள்கடன் கேளுங்கள். ஆடு வாங்கக் கடன் கொடுக்கிற குழு, உயிர் காக்கிற லைட்டுக்குக் கொடுக்காதா?

அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மான நோட்டில் இதை எழுதுங்கள். சேமிப்பு வாங்கி முடிந்ததும் எல்லா சைக்கிளையும் வெளியே நிறுத்தி, ஒருவர் வண்டியை இன்னொருவர் பாருங்கள். விழுந்த அந்தச் சகோதரியையும் கூப்பிடுங்கள். கை தேறிவிட்டது. வண்டிக்கு சேலை கார்டு போட்டுக் கொடுத்து, வீட்டில் நாமும் கூடப் போய்ப் பேசுவோம்.