மஹய்யாவ வீட்டுத் தொலைபேசி

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை நோக்கிச் செல்லும் வீதியிலே சிறிது தூரம் போனால் மஹய்யாவ என்னும் இடம் வரும். மாத்தளைக்குச் செல்லும் புகைவண்டிப் பாதையும் அப்பகுதியை ஊடறுத்தே செல்கின்றது. அங்கே மலைச்சரிவிலே படிப்படியாக வீடுகள் அமைந்துள்ளன. ஒரு வீட்டின் முற்றத்தில் நின்றால் கீழ் வீட்டின் கூரை காலடியிலே தெரியும். அத்தகைய வீடொன்றிலே, தபாற் கந்தோரில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும் அவருடைய மனைவியாரும் வாழ்ந்து வருகின்றனர். அவர்களுடைய ஒரே மகள் இருப்பது கனடாவில். அங்கே பொழுது விடிந்து அவள் வேலைக்குப் புறப்படும் வேளை, இங்கே அந்தி மயங்கும் வேளை. அவ்வேளையில் வீட்டுத் தொலைபேசி மணி அடிக்கும்.

கைத்தொலைபேசி வந்துவிட்ட இக்காலத்தில் வீட்டுத் தொலைபேசி எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அந்த அம்மையாருக்குக் கண்ணாடித் திரையைத் தடவிப் பேசுவது கைவரவில்லை. பொத்தானை அழுத்தினால் அழுத்தியது விரலுக்குத் தெரியவேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியிலும் நியாயம் உண்டு.

அவர்கள் வீட்டிலிருந்தது கம்பியில்லாக் கைபிடியுடைய தொலைபேசி, அதாவது கோட்லெஸ் போன். சில மாதங்களாக அது படுத்தும் பாடு சொல்லுந்தரமன்று. மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்துபோகும். தாய் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள் என்று மகளும், மகளுக்குப் பேச நேரமில்லை என்று தாயும் ஒருவரையொருவர் நொந்துகொண்ட நாட்களும் உண்டு. இஃது இவ்வளவோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டே காலம் தள்ளியிருப்பார்கள். ஓரிரவு மின்சாரம் தடைப்பட்டிருந்த வேளையில் பெரியவருக்கு மூச்சுத்திணறல் கண்டது. மனைவியார் 1990 என்னும் இலக்கத்தை அழுத்தி ஆம்புலன்ஸ் வண்டியை அழைக்க முயன்றார். கருவியில் உயிரில்லை. கைவிளக்கை ஏந்தி, வழுக்கும் படிகளில் ஏறி, மேல் வீட்டுக் கதவைத் தட்டினார். மேல் வீட்டார் அழைத்ததனால் வண்டி வந்தது. பெரியவர் பிழைத்தார். மறுநாளே புதிய தொலைபேசி வாங்கவேண்டும் என்று அம்மையார் ஒற்றைக் காலில் நின்றார்.

மேல் வீட்டிலே தொழில்நுட்பக் கல்லூரியில் பயிலும் இளைஞன் ஒருவன் இருக்கின்றான். "வாங்குவதற்கு முன் நோய் எங்கே என்று பார்ப்போம், மாமா" என்று அவன் தன் வீட்டிலிருந்த சாதாரணக் கம்பித் தொலைபேசியைக் கொண்டுவந்து சுவர்த் துளையில் மாட்டினான். அதில் இரைச்சல் கேட்டிருந்தால் பழுது வெளிக்கம்பியில் என்று பொருள். எத்தனை புதுக் கருவி வாங்கினாலும் அது தீராது. தொலைபேசி நிறுவனத்துக்கே முறையிடவேண்டும். குரல் தெளிவாகக் கேட்டது. ஆகவே குற்றம் கருவியிலே.

அடுத்தபடியாகக் கைபிடியின் முதுகைத் திறந்து பார்த்தான். உள்ளே நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் வகையைச் சேர்ந்த இரண்டு சிறு மின்கலங்கள் இருந்தன. மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய இவ்வகைக் கலங்கள் சில ஆண்டுகளில் தளர்ந்துபோவது இயல்பு. சிறிது நேரப் பேச்சிலேயே கைபிடி ஓய்ந்துவிட்டால் முதலிற் சந்தேகிக்க வேண்டியது இவற்றையே. கலங்களை மட்டும் மாற்றியிருந்தாற் போதும் என்னும் நிலையிலுள்ள எத்தனை தொலைபேசிகள் குப்பைக்குப் போகின்றனவோ! மாற்றும்போது சுவர் மணிக்கூட்டுக்குப் போடும் சாதாரண பற்றரியை இடலாகாது. அதனை மின்னேற்ற முற்பட்டால் ஒழுகும், வெடிக்கவும் கூடும்.

புதுக் கலங்களை இட்டும் இந்த வீட்டுக் கருவி தேறவில்லை. அடிப்பெட்டியின் உள்ளே கருகிய வாடை வந்தது. முந்திய ஐப்பசி மாதத்து இடிமழையின்போது பெரியவர் மின்சாரப் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டுத் தொலைபேசிக் கம்பியைக் கழற்றாமல் விட்டது அப்பொழுதுதான் அவருக்கு நினைவு வந்தது. மின்னலின் அதிர்ச்சி இரண்டு வழியாகவும் வரும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும், மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் பிற்பகலில் இடி முழங்கும் மலைநாட்டிலே இதனை மறத்தல் கூடாது. இடி தலைக்கு மேல் வந்தபின் கழற்றப் போவதும் ஆபத்தே. வானம் இருளும்போதே கழற்றிவிட வேண்டும்.

இனி வாங்குவதே வழி என்று இருவரும் கண்டி நகரக் கடையொன்றுக்குச் சென்றனர். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது அமெரிக்காவிலிருந்து வந்த, பார்வைக்கு அழகான கருவி. "இது நல்ல சாமான் ஐயா, விலையும் குறைவு" என்றார். இளைஞன் அதன் அடப்டரைத் திருப்பிப் பார்த்தான். 120 வோல்ட் என்று எழுதியிருந்தது. நம் நாட்டு மின்சாரமோ 230 வோல்ட். மாட்டிய கணமே அடப்டர் எரிந்துபோகும். அடப்டரை மாற்றினாலும் வேறொரு குறை உண்டு. இக்காலத்து நல்ல கோட்லெஸ் போன்கள் பெரும்பாலும் டெக்ட் என்னும் முறையில் இயங்குகின்றன. ஐரோப்பாவில் 1992ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்ட இம்முறைக்கு அங்கே 1880 முதல் 1900 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசை ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவில் விற்பனையாகும் டெக்ட் கருவிகளோ 1920 முதல் 1930 வரை இயங்குவன. இவ்வலைவரிசை உலகின் பல பாகங்களில் கைத்தொலைபேசிச் சேவைக்கு உரியது. பிள்ளைகள் அன்போடு அனுப்புவதாயினும் வட அமெரிக்கக் கருவி இங்கே பொருந்தாது. இலண்டனிலிருந்து வருவது பெரும்பாலும் பொருந்தும். எதுவாயினும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்ற மாதிரியா என்று கேட்டு வாங்குவதே முறை.

இரண்டாவது கருவி 2.4 கிகாஹேர்ட்ஸில் இயங்குவது. வைபை பெட்டியும், உணவு சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையைப் பயன்படுத்துவதால் குரலிலே கரகரப்பு ஏற்படலாம். அதனையும் ஒதுக்கினர்.

மூன்றாவது டெக்ட் வகை. வெட்டவெளியில் 300 மீற்றர், வீட்டினுள் 50 மீற்றர் எட்டும் என்று அட்டைப்பெட்டி சொல்லியது. அட்டைப்பெட்டிகள் மஹய்யாவப் பக்கம் வந்து பார்த்தவை அல்ல. சரிவிலே கட்டிய வீடுகளில் தட்டுக்குத் தட்டு கொங்கிறீற்றுத் தளம். அதற்குள் இரும்புக் கம்பி. அலைகள் அதில் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஒரே அடிப்பெட்டிக்கு இரண்டு கைபிடிகள் உள்ளதையே தேர்ந்தனர். ஒன்று சமையலறைக்கு, மற்றது படுக்கைக்கருகில். பெரிய பொத்தான்களும் உரத்த மணியும் உண்டா என்று அம்மையாருக்காகப் பார்த்தனர். கைபிடிக்குள் எங்கும் கிடைக்கும் சாதாரண அளவுக் கலங்களா, அல்லது அந்நிறுவனம் மட்டுமே விற்கும் தனிக் கட்டா என்றும் இளைஞன் விசாரித்தான். இது முக்கியமான கேள்வி. தொலைபேசிக்குப் பெயர்போன ஜெர்மானிய நிறுவனமாகிய கிகாசெட்டே 2023இல் நொடித்துப்போய், 2024இல் வேறு கைக்கு மாறியது.

ஆயினும் அன்றிரவு நேர்ந்த இடர் புதுக் கருவியால் மட்டும் தீராது. எவ்வளவு சிறந்த கோட்லெஸ் போனாயினும் அதன் அடிப்பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாட்டிலே பதின்மூன்று மணி நேர மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திரார். சாதாரணக் கம்பித் தொலைபேசியோ செப்புக் கம்பி வழியாகப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து வரும் 48 வோல்ட் மின்சாரத்தாலேயே இயங்குவது. ஆகவே அதே கடையில் பொத்தான்களுடைய கம்பித் தொலைபேசி ஒன்றையும் சேர்த்து வாங்கினர். ஒளியிழை இணைப்புப் பெற்ற வீட்டாருக்கு இவ்வுபாயமும் பலிக்காது. ஒளியிழை மின்சாரத்தைச் சுமந்து வருவதில்லையாதலால், அவர்கள் இணைப்புப் பெட்டிக்குச் சிறியதொரு மின்சேமிப்புக் கருவி வைத்துக்கொள்ள வேண்டும்.

வீடு திரும்பியதும் இளைஞன் அடிப்பெட்டியை இரும்பு அலுமாரிக்கு எட்டவாக, உயரமான இடத்தில் வைத்தான். முதல் மின்னேற்றம் பதினாறு மணி நேரம் என்று புத்தகத்தில் இருந்தது. அம்மையாருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அந்தி வேளையில் மணி அடித்தபோது, படுக்கைக்கருகில் மாட்டியிருந்த கம்பித் தொலைபேசியை எடுத்துக்கொண்டு, கம்பி எட்டும் அளவுக்குக் கட்டிலின் ஓரத்திலே அமர்ந்து, ஒரு மணி நேரம் பேசினார்.