பிரயாணமும் முதுகுவலியும்

(ஊழியப் பங்காளர் கூடுகையில் ஆஸ்பத்திரி சாப்ளின் கொடுத்த செய்தி)



தூரத்திலிருந்து வேன்களிலும் பஸ்களிலும் வந்திருக்கிறீர்கள். ஆகவே இந்த வேளையில் பிரயாணத்தில் வரும் முதுகுவலியைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். வைத்தியம் எங்கள் வேலையல்ல. ஆனாலும் வார்டில் கட்டிலருகே நின்று ஜெபிக்கிறவர்களுக்கு, யார் எப்படி அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது தெரியவருகிறது.

ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தில் ஏசா கூடவே வரும்படி அழைத்தபோது யாக்கோபு இசையவில்லை. சிறுபிள்ளைகளுக்கும் மந்தைக்கும் தக்கதாகத் தன் நடையைக் குறைத்துக்கொண்டான். முந்தின இரவில்தான் தொடைச்சந்து சுளுக்கி நொண்டினவன் அவன். வலி இன்னதென்று அறிந்திருந்தான்.

நம்முடைய சபை வேன்களில் நடப்பதோ வேறு. முன்னால் ஐயரும் கமிட்டி அங்கத்தினரும், நடுவில் வாலிபர்கள். பின்சக்கரத்துக்கும் பின்னாலிருக்கிற கடைசி இருக்கை யாருக்கு? பாட்டிமாருக்கு. "தாராளமாக உட்காரலாம் அம்மா" என்று அன்பாகச் சொல்லி ஏற்றிவிடுகிறோம்.

வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது, இரு சக்கரங்களுக்கும் நடுவே இருக்கிறவர்களைவிடப் பின்கோடியில் இருக்கிறவர்களே அதிகமாகத் தூக்கிப் போடப்படுகிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் உறுதி குறைந்துகொண்டே வருகிறது. அப்படிப்பட்ட ஒரு தாயார் எழும்பி 'தொப்'பென்று இருக்கையில் விழுந்தால், முதுகுத்தண்டின் எலும்பு ஒன்று நசுங்கிப்போகலாம். கீழே விழவில்லை, காயமும் இல்லை. ஆகவே வாய்வுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு வாரக்கணக்கில் வீட்டிலே கிடக்கிறார்கள். இப்படி வந்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். தயவுசெய்து இன்று மாலையிலிருந்தே வயதானவர்களை நடு இருக்கைகளில் உட்காரவையுங்கள். கடைசி இருக்கை வாலிபருக்குப் போதும். ஐயர்மாருக்கும் போதும்!

மற்றவர்களுக்கு வரும் வலி பெரும்பாலும் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் வருவது. எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோலிருக்கிற டிஸ்க்குக்கு, பெரியவர்களில் ஏறக்குறைய இரத்தக்குழாயே கிடையாது; உடல் அசைந்தால்தான் அதற்குப் போஷிப்பு நன்றாய்ச் சேரும். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன் 1960-களில் டிஸ்க்கின் உள்ளழுத்தத்தை அளந்தபோது, நிற்பதைவிட முன்னே குனிந்து உட்காரும்போது அது மிகுதியாய் இருப்பதைக் கண்டார். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கி நாலு எட்டு நடவுங்கள். டீயை ஜன்னல் வழியாய் வாங்கிக் குடித்துவிட்டு இருந்துவிடாதிருங்கள். வழியில் கழிப்பறை இராதென்று நம் சகோதரிகள் தண்ணீர் குடிக்காமலும் இறங்காமலும் வருகிறார்கள். அது அவர்கள் குற்றமல்ல. வேன் ஏற்பாடு செய்கிறவர்கள் சுத்தமான இடத்தை முன்னமே விசாரித்து, அங்கே நிறுத்த வேண்டும்.

ஒரு துண்டைச் சுருட்டி இடுப்பின் வளைவில் வையுங்கள். கால் தரையில் எட்டாவிட்டால் கீழே ஒரு பையை வைத்துக்கொள்ளலாம். பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸ் வேண்டாம். இறங்கினவுடனே அரிசி மூட்டையைக் குனிந்து இழுக்காமல் கொஞ்சம் நடந்துவிட்டுத் தூக்குங்கள்.

சாதாரண வலிக்கு நாட்கணக்கில் படுத்துக்கிடக்க வேண்டாம். கூடியமட்டும் நடமாடுவதே நல்லது என்று இப்பொழுது மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். ஆனால் காலில் பலம் குறைந்தாலோ, உட்காருமிடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, அன்றைக்கே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வயதானவர்களுக்குக் குலுக்கலுக்குப்பின் கடும்வலி வந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். கையில் பணமில்லையே என்று யாரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். நீங்கள் அனுப்புகிற காணிக்கையில் ஏழை நோயாளிகளுக்கென்று ஒரு பங்கு வைத்திருக்கிறோம். உங்கள் ஊரில் அப்படி ஒரு தாயார் இருந்தால் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.