மியான்மரில் விழும் குண்டுகளும் நமது பொறுப்பும்



2023 ஏப்ரல் 11 அன்று, மியான்மரின் சகாயிங் பிராந்தியத்திலுள்ள பாசிஜி கிராமத்தில், ராணுவ ஆட்சியை ஏற்க மறுத்த மக்கள் தங்கள் நிர்வாக அலுவலகத்தைத் திறக்கக் கூடியிருந்தனர். போர் விமானம் குண்டு வீசியது; அடுத்து ஹெலிகாப்டர் வந்து சுட்டது. குழந்தைகள் உட்பட சுமார் 160 பேர் மாண்டனர்.

வான்வழிப் போர் நடத்த விமானம் மட்டும் போதாது. உதிரி பாகங்களும் எரிபொருளும் குண்டுகளும் இடைவிடாது வந்தாக வேண்டும். அவற்றை அனுப்பியவர் யார்? ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் கணக்கை வெளியிட்டார். 2021 பிப்ரவரி ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் குறைந்தது 100 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதங்களும் மூலப்பொருட்களும் சென்றுள்ளன. ரஷ்யாவிலிருந்து 40.6 கோடி, சீனாவிலிருந்து 26.7 கோடி, சிங்கப்பூரிலிருந்து 25.4 கோடி, இந்தியாவிலிருந்து 5.1 கோடி. ரஷ்யா, சீனா என்பதற்காக இப்பட்டியலை நாம் மெல்லிய குரலில் வாசிக்கத் தேவையில்லை.

நமது பங்கு சிறிதுதானே என்பார்கள். அப்பங்கில் பாரத் எலக்ட்ரானிக்ஸும் இருக்கிறது. தனியாருக்குத் தாரைவார்க்கக் கூடாதென்று நாம் போராடிக் காக்கும் அதே பொதுத்துறை!

மியான்மருக்கு ஆயுதம் செல்வதைத் தடுக்கக் கோரிய ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 2021 ஜூன் 18 அன்று 119 நாடுகள் ஆதரித்தன. மோடி அரசு வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஆனால் தடுப்பது இயலாத காரியமல்ல. அறிக்கைக்குப் பின் சிங்கப்பூர் விசாரணை நடத்தியது. அங்கிருந்து ஆண்டுக்கு 11 கோடி டாலருக்கு மேல் சென்ற சரக்கு, சுமார் 1 கோடியாகச் சரிந்தது.

குண்டுவீச்சுக்குத் தப்பிய சின் மக்கள் பல்லாயிரவர் மிசோரமில் தஞ்சம் புகுந்துள்ளனர். ஆயுத ஏற்றுமதி உரிமங்களை நாடாளுமன்றத்தின் முன் வைக்குமாறு அரசை நாம் வற்புறுத்த வேண்டும். பாதுகாப்புத் துறைத் தொழிற்சங்கங்களிலுள்ள தோழர்கள் இதை முதலில் எழுப்ப வேண்டும்.